சொந்தத் தொழில் செய்பவர் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு: எதைப் பார்த்து எடுப்பது?

மாதச் சம்பளம் வாங்குபவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவருக்கு மருத்துவ விடுப்பு இருக்கும். பல இடங்களில் கம்பெனியே எடுத்துக் கொடுத்த காப்பீடும் இருக்கும். மளிகைக் கடை, தையல் கடை, மெஸ், ஒர்க்‌ஷாப், டிராவல்ஸ் என்று சொந்தமாகத் தொழில் செய்பவர் படுத்தால் ஷட்டரும் கூடவே இறங்கிவிடும். ஆனால் கடை வாடகை நிற்காது, கரண்ட் பில் நிற்காது. வேலையாளுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். சரக்கு கொடுத்தவருக்குச் சொன்ன தேதியும் வந்துவிடும். வருமானம் நின்ற அதே வாரத்தில்தான் ஆஸ்பத்திரி பில்லும் வருகிறது. கையில் இருப்பது தொழிலில் சுழலும் பணம் மட்டும். அதை எடுத்து பில் கட்டினால், ஆள் குணமாகி வந்து கடையைத் திறக்கும்போது அலமாரியில் சரக்கு இருக்காது.

நம்மைப் போன்றவர்களுக்கு மருத்துவக் காப்பீடு என்பது தொழில் முதலைச் சுற்றிப் போடும் வேலி. இருபது வருடமாக ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் கடை நடத்துகிறேன். இந்த விஷயத்தை நான் கற்றுக்கொண்டது அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகுதான். அந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில், நம்மிடம் ஏற்கெனவே ஏதாவது காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இஎஸ்ஐ நமக்குக் கிடையாது. அது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளர்களுக்கானது. கடை முதலாளி என்ற பெயரில் இருப்பவர், அவருடைய வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதில் சேர முடியாது. தமிழ்நாட்டில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது இதுதான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் போதும். தள்ளுவண்டிக் கடை, பூக்கடை வைத்திருப்பவர்கள் பலர் தகுதி இருந்தும் இதை எடுக்காமல் இருக்கிறார்கள். அப்படி யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து அழைத்துக்கொண்டு போங்கள். வருமானம் அந்த வரம்பைத் தாண்டியவர்கள் சொந்தப் பணத்தில்தான் பாலிசி எடுக்க வேண்டும். இனி வருவதெல்லாம் அவர்களுக்கு.

படிவத்தில் உண்மை

பாலிசியை ஒப்பிடுவது, பிரீமியத்தைக் குறைப்பது எல்லாம் அப்புறம். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது விண்ணப்பப் படிவம். அதில் வீட்டில் யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர், யாருக்குத் தைராய்டு, முன்பு என்ன ஆபரேஷன் நடந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருப்பார்கள். நம்மில் பெரும்பாலோர் இதை நாமே நிரப்புவதில்லை. ஏஜென்ட் நிரப்புவார், நாம் கையெழுத்துப் போடுவோம். இப்போது போனில் ஓடிபி மட்டும் சொல்கிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அப்பாவுக்கு அப்போது ஏழு வருடமாக சுகர். ஏஜென்ட்டிடம் சொன்னேன். "மாத்திரையில கட்டுப்பாட்டுல தானே இருக்கு, அதெல்லாம் போட்டா பிரீமியம் ஏறிடும் அண்ணே, விடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து நள்ளிரவில் சேர்த்தோம். ஸ்டென்ட் வைத்தார்கள். சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் கேட்டதற்கு, பதறிப்போய் நின்ற அம்மா "ஒன்பது வருஷமா சுகர் சார்" என்று சொன்னார். அது கேஸ் ஷீட்டில் ஏறியது. காப்பீட்டு நிறுவனம் அந்தக் கேஸ் ஷீட்டை வாங்கிப் படித்தது. படிவத்தில் சுகர் இல்லை, கேஸ் ஷீட்டில் இருக்கிறது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. டிஸ்சார்ஜ் அன்று மனைவியின் வளையல்களை அடகு வைத்துத்தான் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

அம்மா சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. டாக்டரிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், உயிர் அதில்தான் இருக்கிறது. அதே உண்மையைப் படிவத்திலும் எழுதியிருக்க வேண்டும். பிரீமியம் கொஞ்சம் ஏறியிருக்கும், சுகர் தொடர்பான சிகிச்சைக்குச் சில வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். அன்றைக்கு முழுத் தொகை கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் மறைத்ததாக ஒரு கறை விழுந்திருக்காது, பாலிசியும் கையில் நின்றிருக்கும்.

படிவத்தை நீங்களே நிரப்புங்கள். முடியாவிட்டால் ஏஜென்ட் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாலிசி வந்ததும் அதோடு வரும் படிவ நகலைத் திரும்பப் பாருங்கள். தவறு இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கவும் உரிமை இருக்கிறது.

காத்திருப்புக் காலம்

இன்று பாலிசி எடுத்து நாளைக்கே எல்லாவற்றுக்கும் கிளெய்ம் செய்ய முடியாது. மூன்று விதமான காத்திருப்பு இருக்கிறது. முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல், மூட்டு மாற்று போன்ற ஒரு பட்டியல் நோய்களுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 2 வருடம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, பாலிசி எடுக்கும்போதே நமக்கு இருந்த நோய்கள். இதற்கு அதிகபட்சம் 3 வருடம்தான் காத்திருக்க வைக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் மாற்றியது. அதற்கு முன் 4 வருடமாக இருந்தது.

அதே மாற்றத்தில் இன்னொரு பெரிய பாதுகாப்பும் வந்தது. ஒரு பாலிசியைத் தொடர்ந்து 5 வருடம் புதுப்பித்து வைத்திருந்தால், அதன் பிறகு "நீங்கள் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முன்பு இந்தக் காலம் 8 வருடம்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்துவிட்டால் இந்தக் காத்திருப்பெல்லாம் நாம் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே சத்தமில்லாமல் கழிந்துவிடும். முப்பது வயதில் "நமக்கென்ன வரப்போகிறது" என்று தள்ளிப்போடுகிறவர், நாற்பத்தைந்தில் சுகர் வந்த பிறகு எடுத்தால், தேவை மிகுந்த வருடங்களில்தான் காத்திருப்பார்.

ரூம் வாடகை என்ற பொறி

பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு பாலிசியைப் பார்த்தால், முதலில் அதில் ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். "காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்" என்று இருக்கலாம். 5 லட்சம் ரூபாய் பாலிசி என்றால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய். இதைத் தாண்டிய ரூம் எடுத்தால் வித்தியாசத்தை மட்டும் நாம் கொடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 8,000 ரூபாய் ரூமில் 5 நாள் இருக்கிறோம். ரூம் வாடகை 40,000. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்ந்து 1,20,000. மருந்து, பரிசோதனை, உடம்பில் பொருத்திய கருவி 60,000. மொத்த பில் 2,20,000. வாடகையில் நாளுக்கு 5,000 வீதம் 25,000 கொடுப்பார்கள். அதோடு நிற்காது. தகுதியான ரூமுக்கும் நாம் எடுத்த ரூமுக்கும் உள்ள விகிதம் எட்டுக்கு ஐந்து அல்லவா? அதே விகிதத்தில் டாக்டர், தியேட்டர் கட்டணத்தையும் வெட்டுவார்கள். 1,20,000-ல் 75,000 மட்டும் கிடைக்கும். மருந்து, பரிசோதனை, கருவி ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்று விதி இருப்பதால் 60,000 முழுதாக வரும். ஆக, வருவது 1,60,000. நம் கையிலிருந்து 15,000 போகும் என்று நினைத்த இடத்தில் 60,000 போகிறது.

அதனால் ரூம் வாடகைக்கு வரம்பே இல்லாத பாலிசி, அல்லது "தனி ஏசி ரூம் வரை" என்று ரூபாய்க் கணக்கில்லாமல் எழுதப்பட்ட பாலிசிதான் என் தேர்வு. பிரீமியம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். வேறு எதையாவது குறைத்தாவது இதை வாங்கிவிடுங்கள் என்பேன். வரம்புள்ள பாலிசி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அட்மிஷன் கவுண்டரில் அந்த வரம்புக்குள் இருக்கும் ரூமைக் கேட்டு வாங்குங்கள்.

கோ-பே என்ற சொல்லையும் தேடுங்கள். 20 சதவீதம் கோ-பே என்றால் 3 லட்சம் ரூபாய் பில்லில் 60,000 நம்முடையது. வயதானவர்களுக்கான பாலிசிகளில் இது பரவலாக இருக்கிறது, சில நேரம் தவிர்க்க முடியாது. இளம் குடும்பத்துக்குக் கோ-பே உள்ள பாலிசி வேண்டாம். கையுறை, சிரிஞ்ச், மாஸ்க் போன்ற பொருட்களுக்கும் சாதாரணமாகப் பணம் வராது. கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தில் அதையும் சேர்த்துத் தரும் பாலிசிகள் உண்டு. நீண்ட நாள் ஐசியூவில் இருந்தால் இந்தச் சின்னச் சின்னப் பொருட்களே பெரிய தொகையாகிவிடும்.

இதையெல்லாம் 40 பக்க ஆங்கிலப் பாலிசிக்குள் எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டாம். வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்றை ஒவ்வொரு பாலிசியோடும் நிறுவனங்கள் கொடுக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை, காத்திருப்பு, வரம்புகள், எதற்குக் கிடைக்காது என்பதெல்லாம் சில பக்கங்களில் எளிமையாக இருக்கும். கேட்டால் நம் மொழியிலேயே கொடுக்க வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேட்டு வாங்குங்கள். பாலிசி எடுக்கும் முன்பே அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற ஏஜென்ட்டிடம் எடுக்காதீர்கள்.

எவ்வளவு, யார் யாருக்கு

கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகை இருப்பதை ஃபேமிலி ஃப்ளோட்டர் என்கிறார்கள். 10 லட்சம் ரூபாய் ஃப்ளோட்டர் என்றால் அந்த வருடத்தில் யார் வேண்டுமானாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இளம் குடும்பத்துக்கு இது நல்லது, தனித்தனியாக எடுப்பதைவிடச் செலவும் குறைவு.

ஆனால் அப்பா அம்மாவை அதே ஃப்ளோட்டரில் சேர்க்காதீர்கள். ஃப்ளோட்டரின் பிரீமியம் பொதுவாகக் குடும்பத்தில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடப்படுகிறது. எழுபது வயது அப்பாவைச் சேர்த்தால் பத்து வயது மகளுக்கும் சேர்த்துப் பிரீமியம் ஏறும். அப்பாவின் ஒரே ஆபரேஷனில் தொகை கரைந்துபோனால் அந்த வருடம் பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்காது. பெற்றோருக்குத் தனிப் பாலிசி எடுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகப் பாலிசி கிடைக்காது என்று சிலர் இன்னும் சொல்வார்கள். அந்த வயது வரம்பும் 2024-ல் நீக்கப்பட்டுவிட்டது. பிரீமியம் அதிகமாக இருக்கும், காத்திருப்பு இருக்கும், ஆனால் கதவு மூடியில்லை.

தொகை எவ்வளவு என்று கேட்டால், நீங்கள் அவசரத்துக்குப் போகக்கூடிய ஆஸ்பத்திரியில் ஒரு பைபாஸுக்கோ மூட்டு மாற்றுக்கோ எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு, அதன் இரண்டு மடங்கை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அவ்வளவு பெரிய பாலிசிக்குப் பிரீமியம் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, சூப்பர் டாப்-அப். 5 லட்சத்துக்கு ஒரு அடிப்படைப் பாலிசி, அதற்கு மேலே 20 லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப் என்று வைத்துக்கொள்வோம். முதல் 5 லட்சத்தை அடிப்படைப் பாலிசி பார்த்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் சூப்பர் டாப்-அப் தொடங்கும். 5 லட்சத்துக்குக் கீழே அதற்கு வேலை இல்லாததால் அதன் பிரீமியம் மலிவு.

வாங்கும்போது "சூப்பர்" என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெறும் டாப்-அப் வேறு. ஒரே வருடத்தில் முதல் முறை 4 லட்சம், இரண்டாம் முறை 3 லட்சம் செலவானால் சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 லட்சம் என்று எடுத்துக்கொண்டு 5-க்கு மேலான 2 லட்சத்தைக் கொடுக்கும். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு முறையையும் தனியாகப் பார்க்கும். இரண்டுமே 5 லட்சத்துக்குக் கீழே என்பதால் ஒன்றும் கொடுக்காது.

வங்கியில் கணக்கு இருப்பவர்களுக்கென்று குறைந்த பிரீமியத்தில் விற்கும் குரூப் பாலிசிகளும் உண்டு. முதல் வருடம் சேமிப்பாகத் தெரியும். ஆனால் அது வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். அது முடிந்தால் நம் பாலிசியும் ஆட்டம் காணும். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

பிரீமியம் தேதி நம் சீசனோடு ஒத்துப்போகட்டும்

நமக்கு மாதாமாதம் ஒரே வருமானம் கிடையாது. துணிக்கடைக்குத் தீபாவளி, பாத்திரக் கடைக்குப் பொங்கல், பந்தல்காரருக்குத் தை, வைகாசி முகூர்த்தங்கள். பாலிசி எந்தத் தேதியில் தொடங்குகிறதோ, வருடா வருடம் அந்தத் தேதியில்தான் பிரீமியம் வந்து நிற்கும். ஆகவே முதல் முறை எடுக்கும்போதே கல்லாவில் பணம் இருக்கும் மாதத்தில் எடுங்கள். எனக்கு ஆடி மாதத்தில் ரினிவல் விழுந்து நான்கு வருடம் திணறியிருக்கிறேன்.

தேதி தவறினால் ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாளும் மாதப் பிரீமியத்துக்கு 15 நாளும் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டினால் பாலிசி செத்துவிடும். புதிதாக எடுக்க வேண்டும், கழித்த காத்திருப்பெல்லாம் மறுபடி முதலிலிருந்து. வியாபாரம் மந்தமாக இருக்கிறது என்று இந்த ஒரு செலவை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் பாலிசியை விட்டுவிடாமல் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ரினிவல் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கழித்த காத்திருப்பு கூடவே வரும்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18 சதவீதம் கட்டினோம். பழைய வருமான வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு, கட்டிய பிரீமியத்துக்கு 80டி என்று எல்லோரும் சொல்லும் வரிச் சலுகையும் உண்டு. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் அது கிடைக்காது. வியாபார வருமானம் உள்ளவர்கள் வரி முறையை வருடா வருடம் மாற்றிக்கொள்ள முடியாது என்பதால் இதை ஆடிட்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைத்தான் கட்டும், கடை மூடியிருந்த நாட்களின் வருமானத்தைத் தராது. அதற்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஓரளவு உதவும். விபத்தில் அடிபட்டு வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு வாராவாரம் ஒரு தொகை தரும் பிரிவு அதில் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். வண்டியில் அலைகிற தொழில் என்றால் இது கட்டாயம். வருடத்துக்கு 20 ரூபாயில் வங்கிக் கணக்கு மூலம் சேரும் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டம் விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் தருகிறது. வீட்டில் 18 முதல் 70 வயது வரை உள்ள எல்லோரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் நிற்கும்போது

நம் ஊரில், நாம் உண்மையில் போகும் ஆஸ்பத்திரி அந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில், அதாவது நிறுவனமே நேராக பில்லைக் கட்டும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில், இருக்கிறதா என்பதைப் பாலிசி எடுக்கும் முன்பே பாருங்கள். சென்னையில் நூறு ஆஸ்பத்திரி இருந்து என்ன, நடு இரவில் நாம் ஓடப்போவது பக்கத்து ஊருக்குத்தான். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் போய் "எந்த நிறுவனத்தோடு உங்களுக்குச் சிக்கல் இல்லாமல் போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். தினமும் அதிலேயே உழல்பவர்கள் என்பதால் நேராகச் சொல்வார்கள்.

கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இப்போதைய விதி. தாமதமானால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. எனக்கு அன்று இது தெரியாது. மறுப்புக் கடிதத்தை மடித்துக் கல்லாவில் வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

இன்னொன்று. சொந்தத் தொழில் செய்யும் வீடுகளில் பணம், காகிதம் எல்லாம் ஒரே ஆளின் தலைக்குள் இருக்கும். அவரே ஐசியூவுக்குள் போய்விட்டால் பாலிசி நம்பர் யாருக்குத் தெரியும்? இப்போது எங்கள் வீட்டில் காப்பீட்டு அட்டையின் படம் மனைவி, மகள் இருவரின் போனிலும் இருக்கிறது. நிறுவனத்தின் எண், பாலிசி நம்பர், யாருக்கு என்ன நோய் என்று படிவத்தில் எழுதினோம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். போன ரினிவலின்போது அந்தத் தாளை மகள்தான் புதிதாக எழுதினாள். அம்மாவின் பிரஷர் மாத்திரையின் பெயரையும் மறக்காமல் சேர்த்திருந்தாள்.